கேள்வி–பதில்: பழைய காரைக் கொடுத்துப் புதிய காரை எடுக்கும் முன்

கேள்வி: எங்களிடம் இருப்பது 2011-இல் என் மாமனார் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அண்மையில் ஏ.சி. கம்ப்ரஸர் போய்விட்டது. மெக்கானிக் 28,000 ரூபாய் கேட்டதால், புதிதாகவே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. கணவருக்குப் பணக் கவலை, கொழுந்தனார் எஸ்.யூ.வி.தான் வாங்க வேண்டும் என்கிறார். மகனுக்கு சன்ரூஃப் வேண்டும். மூட்டுவலியால் அவதிப்படும் மாமியாருக்கோ பழைய வண்டியைக் கொடுக்கவே மனமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷோரூம், வீடு திரும்பியதும் சண்டை. விற்பனையாளர்களின் போன் வந்தாலே படபடப்பாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, மதுரை

பதில்: போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு செய்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், எந்தக் காரை வாங்கினாலும், எதையுமே வாங்காமல் விட்டாலும், அந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். வண்டியின் உரிமையாளர் காலமானால் முப்பது நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் படிவம் 31 மூலம் வாரிசின் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. காப்பீடும் ஏறக்குறைய அப்படித்தான். பாலிசிதாரர் இறந்தபின் அந்தப் பாலிசி மூன்று மாதங்கள் வரை, அதற்குள் காலாவதியானால் அதுவரை மட்டுமே, செல்லும். மறைந்தவர் பெயரிலேயே இரண்டு ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டிப் புதுப்பித்து வந்திருந்தால், விபத்து நேர்ந்து இழப்பீடு கேட்கப் போகும்போது நிறுவனம் கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. ஆகவே இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் வைத்து, முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். மற்ற வாரிசுகளில் உங்கள் கொழுந்தனாரும் ஒருவர் என்பதால், எஸ்.யூ.வி. பற்றிய வாக்குவாதத்தை அவர் கையெழுத்துப் போடும்வரை ஒத்திவைப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது, வண்டியை மாற்றத்தான் வேண்டுமா என்பது. பணக் கணக்கை மட்டும் பார்த்தால் வேண்டியதில்லை. எட்டு லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய் வரும்; மெக்கானிக் கேட்ட 28,000 ரூபாய் இரண்டு தவணைகளுக்கும் குறைவு. பதினைந்து ஆண்டுகள் முடிந்ததும் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள். டில்லிப் பகுதியில் பழைய வண்டிகளுக்கு உள்ள கட்டுப்பாடு தமிழ்நாட்டில் கிடையாது. இங்கே எப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டி, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 5,000 ரூபாய்க் கட்டணத்தையும் பசுமை வரியையும் செலுத்தினால், பதிவு மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும்.

மாற்றுவதற்கு உண்மையான நியாயம் ஒன்றுதான்: பாதுகாப்பு. ஓட்டுநருக்கான ஏர்பேக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். வசதியும் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019-இல்தான். அதற்கு முன் வந்த சிறிய கார்களின் அடிப்படை மாடல்களில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. நான்குவழிச் சாலையில் குழந்தைகளோடு அடிக்கடி சென்னைக்கும் கோவைக்கும் போய்வருகிற குடும்பம் என்றால், தாமதிக்காமல் மாற்றுங்கள் என்பேன். வண்டி பெரும்பாலும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும்தான் போகிறது என்றால், கம்ப்ரஸரை மாற்றிவிட்டு, மாதந்தோறும் ஒரு தவணைத் தொகையைத் தனியாக எடுத்து வைத்து, இரண்டு ஆண்டுகள் கழித்துக் குறைந்த கடனில் வாங்குங்கள். எது உங்கள் குடும்பம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

வாங்குவது என்று முடிவானால், இந்தச் சண்டைகளுக்கு வேர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஷோரூம் மேசையில் பழைய வண்டியை விற்பது, புதிய வண்டியை வாங்குவது, கடன் எடுப்பது, காப்பீடு செய்வது ஆகிய நான்கும் ஒரே நேரத்தில், ஒரே ஆளோடு பேசப்படுகின்றன. ஒன்றில் விட்டுக்கொடுத்ததை அவர் இன்னொன்றில் எடுத்துவிடுவார். பழைய வண்டிக்கு இருபதாயிரம் கூட்டித் தருவதாகச் சொன்ன மகிழ்ச்சியில், அதே தொகை காப்பீட்டிலும் ஆக்ஸஸரீஸிலும் ஏறியிருப்பது கண்ணில் படாது. தவணை கட்டுப்படியாகாது என்று உங்கள் கணவர் முகம் சுளித்தால், மாதம் 12,900 ரூபாயாகக் குறைத்துவிட்டேன் என்று காகிதத்தை நீட்டுவார்கள். கடன் காலம் ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகளாக நீண்டிருக்கும், மொத்த வட்டியில் ஏறக்குறைய 85,000 ரூபாய் கூடியிருக்கும். எனவே நான்கையும் பிரித்துவிடுங்கள். பழைய வண்டியின் மதிப்பை வெளியில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் வட்டி விகிதத்தைக் கேட்டு வையுங்கள். ஷோரூமில் புதிய வண்டியின் விலையை மட்டும் பேசி, அதை எழுத்தில் வாங்கிய பிறகு, பழைய வண்டி ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள்.

எந்த வண்டி என்பதில் உங்கள் மாமியாரைத்தான் நீதிபதியாக வைக்க வேண்டும். அவரை அழைத்துச் சென்று, வீட்டில் கட்டுகிற அதே புடவையோடு, பின்கதவு வழியாக ஏறி இறங்கச் சொல்லுங்கள். தாழ்ந்த இருக்கையில் உட்கார முழங்காலை ஆழமாக மடக்க வேண்டியிருக்கும், எழும்போது வலி உயிரை எடுக்கும், உயரமான எஸ்.யூ.வி.யிலோ ஒரு காலைத் தூக்கி வைப்பதற்குள் புடவை இழுத்துப் பிடிக்கும். இருக்கை அவர் இடுப்பு உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தால் அவர் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவிடலாம். இந்தச் சோதனையிலேயே உங்கள் பட்டியலில் பாதி அடிபட்டுவிடும். கொழுந்தனாருக்கும் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. சி.என்.ஜி. வண்டியைப் பார்த்தால் டிக்கியைத் திறந்து, சிலிண்டர் போக மிச்சமிருக்கும் இடத்தில் வாக்கர் நுழைகிறதா என்றும் பாருங்கள். விபத்தில் கார் எவ்வளவு பாதுகாப்பானது என்பதைச் சொல்லும் பாரத் என்கேப் என்ற நட்சத்திர மதிப்பீடு 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு, இரண்டையும் பாருங்கள்.

உங்கள் மகனின் சன்ரூஃபுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை விலையுள்ள கார்களுக்குச் சாலை வரி 13 சதவீதம், பத்து லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். 9.95 லட்ச ரூபாய் மாடலுக்கு வரி சுமார் 1,29,000 ரூபாய், சன்ரூஃபோடு 10.10 லட்சம் ஆகிற மாடலுக்குச் சுமார் 1,82,000 ரூபாய். விலையில் 15,000 ரூபாய் வித்தியாசம், வரியில் 52,000 ரூபாய் வித்தியாசம். போதாக்குறைக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும் வண்டிக்கு ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள்; அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பது ஆறுதல். கணக்கை அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

மாமியாரின் மனக்கஷ்டத்தை மட்டும் கணக்கால் தீர்க்க முடியாது. பழைய வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் டயரை உதைத்து விலையைக் குறைத்துப் பேசுவதை அவர் கேட்க நேரிடாதபடி வெளியில் வைத்துப் பேசுங்கள். போன் தொல்லைக்கு வழி எளிது: வீட்டில் ஒருவருடைய எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, அவரையே பேசச் சொல்லுங்கள். இந்த மாதக் கடைசியோடு இந்த விலை முடிகிறது என்பார்கள். அது அவர்களுடைய மாதாந்திர இலக்கின் கடைசி நாள். அடுத்த மாதமும் ஒரு கடைசி நாள் வரும்.

கேள்வி: என் பழைய காருக்கு ஷோரூமில் 1,80,000 ரூபாய் தருகிறார்கள். வெளியில் ஒரு புரோக்கர் 2,15,000 ரூபாய் ரொக்கமாகத் தருவதாகவும், படிவங்களில் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும் என்றும் சொல்கிறார். எதை ஏற்பது?
— வாசகர், செங்கல்பட்டு

பதில்: ஷோரூம் தொகையோடு எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தனியாக ஏதாவது உண்டா என்று கேட்டுக் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் பாதியாகக் குறைந்தாலும் வியப்பில்லை. அதற்குப் பிறகும் புரோக்கர்தான் லாபம் என்றாலும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் வெற்றாக கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். வண்டி எத்தனை கை மாறினாலும், போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. வண்டியை எடுத்தவர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி யாரையாவது இடித்தால், நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

ஷோரூம் என்றாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரச் சான்று பெற்ற பழைய வாகன விற்பனையாளர் படிவம் 29சி மூலம் வண்டி தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பதிவு செய்யலாம். அப்படிச் செய்தால் அதன்பின் பொறுப்பு அவருடையது. அந்தப் பதிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தனியாருக்கு விற்றால் மாநிலத்துக்குள் 14 நாட்களுக்குள் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறிவிட்டதா என்பதைப் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வண்டியை ஒப்படைத்த அன்றே பழைய ஃபாஸ்டேக்கையும் முடக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பரனூர் டோலில் வண்டியை வாங்கியவர் போகிற ஒவ்வொரு முறையும் உங்கள் பணம் கழியும்.

கேள்வி: புதிய காருக்கான கொட்டேஷனில் இன்சூரன்ஸ் தொகை, நானே இணையத்தில் பார்த்ததைவிட மிகவும் அதிகமாக இருக்கிறது. வெளியில் எடுத்தால் ‘கேஷ்லெஸ்’ கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகையும் இருக்கிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: காப்பீட்டை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பழுதுபார்க்கும் செலவை நிறுவனமே நேரடியாகக் கட்டும் ‘கேஷ்லெஸ்’ வசதி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டருக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பாலிசியை எங்கே உட்கார்ந்து வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒப்பிடும்போது ஐ.டி.வி. தொகையும் (வண்டிக்குக் காப்பீட்டில் குறிக்கப்படும் மதிப்பு), தேய்மானம் கழிக்காத ‘நில் டெப்’ சேர்க்கையும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய வண்டியில் இழப்பீடு கேட்காமல் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பழைய வண்டியை விற்றபின் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதத்தை வாங்கிக்கொண்டால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் வரை குறையும். பலர் இதைக் கேட்பதே இல்லை, ஷோரூமும் நினைவூட்டுவதில்லை. ஹேண்ட்லிங் சார்ஜ் எந்தச் சட்டத்திலும் சொல்லப்பட்ட கட்டணம் அல்ல. எதற்காக என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்; பெரும்பாலும் அந்த வரி அடுத்த கொட்டேஷனில் காணாமல் போய்விடும்.

கேள்வி: புதியது கட்டுப்படியாகாததால் சென்னையில் ஒரு பழைய காரைப் பார்த்திருக்கிறோம். விலை குறைவாக இருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, விழுப்புரம்

பதில்: பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2015-இலும், 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் நின்றன. வாட்டர் வாஷும் வாசனைத் திரவியமும் மேலே தெரிவதைத்தான் மறைக்கும். சீட் பெல்ட்டை அதன் கடைசி முனைவரை இழுத்துப் பாருங்கள். எப்போதும் சுருண்டே கிடக்கும் அந்தப் பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் வேறு விசாரணையே தேவையில்லை. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியையும், முன்னிருக்கைகளின் அடியில் உள்ள போல்ட்டுகளையும் துருவுக்காகப் பாருங்கள். பிறகு சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். தர மறுத்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஆண்டு இறுதித் தள்ளுபடி டிசம்பரோடு முடிகிறதாம். மார்கழியில் வண்டி எடுக்கக் கூடாது என்று அம்மா உறுதியாக இருக்கிறார். தள்ளுபடியை விட்டுவிட வேண்டியதுதானா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: விட வேண்டியதில்லை. தள்ளுபடி பெரும்பாலும் பில் போடும் தேதியைத்தான் பார்க்கும், நீங்கள் சாவி வாங்கும் தேதியை அல்ல. மார்கழி பிறப்பதற்கு முன், அதாவது டிசம்பர் முதல் பாதியிலேயே பில் போட்டுவிட்டு, வண்டியைத் தை முதல் வாரத்தில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அதுவரை வண்டி எந்த யார்டில் நிற்கும், கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ஜனவரியில் எடுத்தாலும் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் பழைய ஆண்டாகத்தான் இருக்கும், நாளை விற்கும்போது வாங்குகிறவர் அதைக் காட்டி விலையைக் குறைப்பார். ஏழெட்டு ஆண்டுகள் வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் தள்ளுபடிதான் லாபம். மூன்று ஆண்டுகளில் மாற்றுகிற பழக்கம் உள்ளவர் என்றால் ஜனவரித் தயாரிப்பு வரும்வரை காத்திருங்கள்.