அயலவரின் திருவிழாவில் ஒரு கிறிஸ்தவர் எதுவரை சேரலாம்?

பல சமயத்தவர் கலந்து வாழும் இடத்தில் எதில் சேரலாம், எதை விடலாம் என்று எப்படிப் பகுத்தறிவது எனக் கேட்டிருக்கிறீர்கள். சபையில் ஒன்றும் அயலில் வேறொன்றும் சொல்லிக் குழப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள், ஊர் திருகோணமலை. இறையியல் படித்தவள் இல்லை. எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன்.

மகா சிவராத்திரி முடிந்ததும் எங்கள் ஊர்ச் சிவன், கோணேசர், நகர்வலம் வருவார். வீட்டுக்கு வீடு வாசலில் நிறைகுடம் வைப்பார்கள். ஒரு வருடம் முன்வீட்டு அக்கா, "தங்கச்சி, நீங்களும் ஒரு கும்பம் வையுங்கோவன், ஒழுங்கைக்கு வடிவாயிருக்கும்" என்றார். "வடிவுக்கு வைக்கிறதா அக்கா, சுவாமியை வரவேற்க வைக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வரவேற்கத்தான் பிள்ளை" என்றார். "அப்ப நான் வைச்சால் அது பொய்யாப் போயிடும். வாசலைக் கூட்டித் தண்ணி தெளிக்கிறன். தாகசாந்திக்குச் சர்பத் கரைக்கிறது என்ர பொறுப்பு" என்றேன். அக்கா கோபிக்கவில்லை. மனமில்லாமல் கும்பம் வைத்திருந்தால்தான் தனக்கு மனவருத்தம் என்றார். அடுத்த தைப்பொங்கலிலிருந்து, படைக்கும் முன்பே எங்களுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்துவைத்துவிடுகிறார்.

சர்பத் கரைத்ததே பாவம் என்று எழுத வருகிறவர்கள் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். சந்தையில் விற்கும் இறைச்சியை, படைக்கப்பட்டதா என்று விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். விசுவாசியாத ஒருவர் விருந்துக்கு அழைத்தாலும் போய்ச் சாப்பிடலாம். ஆனால் ஒருவர், 'இது படைக்கப்பட்டது' என்று சொல்லிவிட்டால், சொன்னவரின் மனச்சாட்சிக்காக விட்டுவிடு என்கிறார். அதனால்தான் நான் அக்காவிடமே கேட்டேன். அந்தச் சடங்குக்கு என்ன பொருள் என்று அதைச் செய்கிறவருக்குத்தான் தெரியும். அது வழிபாடு என்று அவர் சொன்னால் மரியாதையோடு விலகுவேன். உபசாரம் என்றால் முன்னால் நிற்பேன். கும்பம் வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. 1620களில் கோணேசர் கோவிலை இடித்து, அந்தக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்த போர்த்துக்கேயரும் கிறிஸ்தவர்கள்தான். நாங்கள் வேறு சபை, அது வேறு காலம் என்று சொல்லலாம். ஆனாலும் அந்த ஊர்வலம் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க எனக்கு மனம் வராது.

அப்புறம் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லியே ஆகவேண்டும். திருவிழா பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று பயப்படும் அதே பெற்றோர், ஞாயிறு காலையில் பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்புகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை வருடம் வந்தால் ஓய்வுநாள் பாடசாலையில் பாதி வாங்கு காலி. அதைப் பற்றிச் சபையில் யாரும் வாயே திறப்பதில்லை.