தம்பியை இழந்த பிடிவாதக்காரச் சிறுமி ஏன் அழுவதில்லை?

பிடிவாதக்காரி என்றால் அடம்பிடிப்பவள் மட்டுமல்ல. தன் விஷயத்தைத் தானே முடிவு செய்ய நினைப்பவள். தம்பியின் சாவோ அவளைக் கேட்காமல் நடந்துவிட்டது. அதனால்தான் கைக்கு எட்டுகிற சின்ன விஷயங்களை இறுகப் பற்றிக்கொள்கிறாள். அவன் சட்டையை யாரையும் தொடவிட மாட்டாள், ஆறுதல் சொல்பவர்மீது எரிந்துவிழுவாள், வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்வாள். பேருந்து திடீரென்று பிரேக் போட்டதும் கம்பியை இறுக்கிப் பிடிப்போமே, அதுபோல.

துக்கத்துக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே மனம் போய்ப்போய் வரும் என்று 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் விளக்கினார்கள். குழந்தைகளிடம் இது சட்டென்று மாறும்: காலையில் விளையாட்டு, மாலையில் சாத்திய கதவு.

அழாதவளைக் கல்நெஞ்சுக்காரி என்றுவிடுகிறார்கள். தவறு, தான் அழுதால் அம்மா அப்பா உடைந்துபோவார்கள் என்று அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.