செம்பின் வாய் ஏன் கோணுகிறது? – ஓவியக் கேள்வி பதில்

கேள்வி: ஆறு மாதமாக டம்ளர், செம்பு, குடம் என்று வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்து வரைகிறேன். ஷேடிங் ஓரளவு வந்துவிட்டது. ஆனாலும் பாத்திரம் ஒரு பக்கம் சாய்ந்தும், அடிப்பாகம் வெட்டுப்பட்டதுபோலவும் தெரிகிறது. எங்கே தவறுகிறேன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீள்வட்டத்தில், அதாவது சாய்வாகப் பார்க்கும்போது வட்டம் தெரியும் வடிவத்தில். ஷேடிங்கைச் சில வாரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். பாத்திரத்தின் வாய் வட்டம் என்பது நமக்குத் தெரியும். அது தட்டையான மேசைமேல் நிற்கிறது என்பதும் தெரியும். கண் பார்ப்பதை விட்டுவிட்டுத் தெரிந்ததையே கை வரைந்துவிடுகிறது. அதனால் வாயை அகலத் திறந்து, அடியை நேர்கோடாக முடித்துவிடுகிறோம். நடப்பதோ நேர்மாறு. ஒரு டம்ளரைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள்; வாய் திறந்துகொண்டே வரும். கண்மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டம் விரிகிறது. ஆகவே மேசைமேல் நிற்கும் டம்ளரில் வாயைவிட அடியின் வளைவே கூடுதல்.

பயிற்சி இது. ஏ4 தாளில் 3 செ.மீ. இடைவெளிவிட்டு இரண்டு இணைகோடுகள் போடுங்கள். நடுவே நீள்வட்டங்களை வரிசையாக நிரப்புங்கள். ஒவ்வொன்றும் மேல்கோட்டையும் கீழ்கோட்டையும் பக்கத்து வட்டத்தையும் தொட வேண்டும். பென்சில் நிற்காமல் இரண்டு சுற்று போகட்டும். மூன்றாவது சுற்று கோட்டைத் தடிமனாக்குமே தவிர, திருத்தாது. இரு முனையும் பாதாம்பருப்புபோல் கூர்மையானால், மேல்வளைவையும் கீழ்வளைவையும் தனித்தனியாக வரைந்து ஒட்டுகிறீர்கள் என்று பொருள். மாத்திரைபோல் நடுவில் தட்டையானால் கை பாதி வழியில் தயங்குகிறது.

சரிபார்க்க யாரும் வேண்டாம். ஒரு நீள்வட்டத்தைத் தனித்தாளில் வரைந்து, குறுக்கச்சின் (நீள்வட்டத்தின் நடுவே குறுகிய பக்கமாகப் போகும் கோடு) வழியே மடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். இரு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாத இடம்தான் உங்கள் கை கோணும் இடம். பெரும்பாலும் அது ஒரே பக்கமாகவே இருக்கும்.

பாத்திரத்துக்கு வரும்போது நடு அச்சை, அதாவது வாயின் நடுவிலிருந்து அடியின் நடுவுக்குப் போகும் கோட்டை, முதலில் போடுங்கள். நீள்வட்டத்தின் நீள அச்சு (நீளவாக்கில் நடுவே போகும் கோடு) அந்த நடு அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். படுத்துக் கிடக்கும் செம்பிலும் இதே விதிதான். அங்கே பலரும் நீள அச்சை மேசைக்கு இணையாக வைத்துவிடுவதால்தான் வாய் கழன்று விழுவதுபோல் தெரிகிறது. இன்னொன்று: பாத்திரம் கண்ணாடியால் ஆனதுபோல் நினைத்து, மறைந்திருக்கும் பின்வளைவையும் லேசாக வரையுங்கள். முன்பாதியை மட்டும் வரைந்தால் அடி ஒருபோதும் சரியாக உட்காராது.

கேள்வி: ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போட்டால் நடுங்குகிறது. மெதுவாக, கவனமாகப் போட்டும் பயனில்லை.
– வாசகர், கரூர்

பதில்: மெதுவாகப் போடுவதால்தான் நடுங்குகிறது. கோடு விலகுவதைக் கண் பார்த்துக்கொண்டே இருக்க, கை நொடிக்கு நொடி திருத்துகிறது. அந்தத் திருத்தங்களே நடுக்கம். 15 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். பென்சில் தாளைத் தொடாமல் நாலைந்து முறை அந்தப் பாதையில் கையை ஓட்டிப் பாருங்கள். பிறகு சேரவேண்டிய புள்ளியைப் பார்த்தபடி ஒரே இழுப்பு. மணிக்கட்டு மட்டும் அசைந்தால் கோடு வில்லாக வளையும். நீளக்கோட்டுக்குத் தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். புள்ளியைத் தாண்டிப் போனால் பரவாயில்லை. நேராக வருவது முதலில், அளவு பிறகு. கோணிய கோட்டின்மேல் மறுபடி கோடு போடாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். பக்கத்தில் புதிதாகப் போடுங்கள். நாளுக்கு ஒரு பக்கம், பத்து நிமிடம் போதும்.

கேள்வி: படத்தைக் காட்டினால் எல்லோரும் ‘சூப்பர்’ என்கிறார்கள். உருப்படியான விமர்சனத்தை எப்படி வாங்குவது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். வரைந்த பொருளை, நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்த போட்டோவோடு சேர்த்துக் காட்டுங்கள். போனை மிக அருகில் கொண்டுபோனால் உருவம் திரியும். பின்னால் இருந்தபடி ஜூம் செய்யுங்கள். எவ்வளவு நேரத்தில் வரைந்தீர்கள், எதைப் பழகுகிறீர்கள் என்று சொல்லி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தீப்பெட்டியை வரைந்திருந்தால் இப்படி: ‘தீப்பெட்டியின் பின்பக்கம் சரியாகச் சிறுக்கிறதா?’

அதையும் கேட்கும் முன் நீங்களே பாருங்கள். பெட்டியின் ஓரக்கோடுகளைச் சிவப்புப் பேனாவால் பின்னோக்கி நீட்டுங்கள். ஒரே திசையில் போகும் நான்கு கோடுகளும் தொலைவில் நெருங்க வேண்டும். விரிந்தால் பின்முகத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறீர்கள். தொடக்கத்தில் அநேகமாக எல்லோருக்கும் வரும் பிழை இது. கண்ணாடியில் காட்டிப் பார்த்தால், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய சாய்வும் பளிச்சென்று தெரியும்.

விமர்சிப்பவர் அசலின்மேல் கோடு போட வேண்டாம். பட்டர் பேப்பரை மேலே வைத்துத் திருத்தட்டும். முதலில் அளவு விகிதம், பிறகு அச்சின் சாய்வு, அதன்பின் பெர்ஸ்பெக்டிவ் (தொலைவு கூடக் கூடப் பொருள் சிறுத்துத் தெரிவது), கடைசியில்தான் ஷேடிங். விகிதம் பிசகிய படத்தில் நிழலைப் பற்றிப் பேசுவது இருவருக்கும் வீண் வேலை. திருத்தம் கிடைத்ததும் பழைய படத்தை ஒட்டுப்போடாமல், அதே பொருளை அதே இடத்தில் வைத்துப் புதிதாக வரையுங்கள். இரண்டிலும் தேதி போட்டு வையுங்கள்.

கேள்வி: தொடங்குபவர் எந்தப் பென்சில் வாங்கலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: எச்பி ஒன்று, 2பி ஒன்று, 6பி ஒன்று. முதல் மூன்று மாதத்துக்கு 2பி மட்டுமே போதும். மிச்சப் பணத்துக்குத் தாள் வாங்குங்கள்.