கணுக்கால் பூட்ஸ்: உதிரும் சோல், தளரும் எலாஸ்டிக்

கேள்வி: செல்சி பூட்ஸ் (கயிறு இல்லாமல், பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த கணுக்கால் பூட்ஸ்) வாங்கி நாலு வருடம் ஆகிறது. அதிகம் போடாமல் டப்பாவிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது எடுத்தால் சோல் மாவாக உதிர்கிறது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. விலை உயர்ந்த ஜோடிகளுக்கும் இது நேர்கிறது. உங்களுடையது பாலியூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக் சோல், கடையில் 'பி.யூ.' என்பார்கள். எடை குறைவு, நடக்க மெத்தென்று இருக்கும். ஆனால் காற்றிலுள்ள ஈரம் உள்ளே புகுந்து அதன் மூலக்கூறு இணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். வெப்பம் கூடினால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரியான கடலோர ஊர்களில் பூட்டிய அலமாரியே இதற்குப் போதும். பத்திரப்படுத்தியதே பாதகமாகிவிட்டது என்பதுதான் வருத்தமான உண்மை.

பசை போட்டு ஒட்டிப் பயனில்லை. உதிர்கிற பரப்பில் எந்தப் பசையும் நிற்காது. மேல்பகுதி அசல் தோல் என்றால் தூக்கிப் போடாதீர்கள். பழைய சோலை ஒரு துணுக்குகூட விடாமல் சுரண்டி, தேய்த்து எடுத்துவிட்டு ரப்பர் சோல் மாற்றலாம். சென்னை பெரியமேட்டில் சோல், எலாஸ்டிக், பசை எல்லாம் கிடைக்கும்.

இனி வாங்கும்போது ரப்பர் அல்லது டி.பி.ஆர். (சூட்டில் உருக்கி வார்க்கும் செயற்கை ரப்பர்) சோலா என்று கேட்டு வாங்குங்கள். பி.யூ. ஜோடி இருந்தால் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல் மாதம் ஒருமுறையாவது போட்டு நடங்கள். நகத்தால் அழுத்தும்போது பிசுபிசுத்தாலோ, பள்ளம் மேலெழாமல் நின்றாலோ அந்த ஜோடியோடு வெளியூர் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: பக்கவாட்டு எலாஸ்டிக் தொளதொளவென்று ஆகிவிட்டது. மாற்ற முடியுமா?

பதில்: முடியும். பழைய தையலைப் பிரித்து, அதே ஓட்டைகள் வழியாகப் புதியதைத் தைக்க வேண்டும். புது ஓட்டை போட்டால் தோல் கிழியும். ஒரு காலுக்கு இரண்டு துண்டு. நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் ஒரு கால் இறுக்கமாகவும் மறு கால் தளர்வாகவும் இருக்கும்.

எலாஸ்டிக்கைக் கெடுப்பவை வெயிலும் எண்ணெயும். பாலிஷ் அதில் படவே கூடாது. ஒரு காலால் மற்றக் காலின் குதியை மிதித்துக் கழற்றும் பழக்கத்தையும் விடுங்கள்; குதிப்பகுதியின் விறைப்பு போய்விடும். போடும்போது குதி வழுக்கி உள்ளே போக ஷூ ஹார்ன் என்ற வளைந்த தகட்டை வையுங்கள். பின்னாலுள்ள பட்டையை மட்டும் பிடித்து இழுத்தால் அது பிய்ந்து வரும்.

கேள்வி: இந்த எலாஸ்டிக் பூட்ஸை முதலில் செய்தது யார்?

பதில்: விக்டோரியா மகாராணிக்குக் காலணி செய்த லண்டன்காரர் ஜே. ஸ்பார்க்ஸ்-ஹால். அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

கேள்வி: எனக்குப் பாதத்தின் மேடு உயரம். செல்சி சரிப்படுமா?

பதில்: சிரமம். கயிறு இல்லாததால் தளர்த்த வழியில்லை. இரண்டு மூன்று ஜோடி ஓட்டைகளில் கயிறு கோத்துக் கட்டும் சுக்கா பூட்ஸ் உங்களுக்கு ஏற்றது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் சாக்ஸோடு அளவு பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் சுமார் ஒரு செ.மீ. இடம் வேண்டும். புதிதில் குதி லேசாக மேலெழுவது இயல்புதான், சோல் வளையப் பழகியதும் குறையும். மேடு அழுத்தி வலித்தால் மட்டும் 'போடப்போட சரியாகும்' என்ற கடைக்காரர் பேச்சை நம்பி வாங்காதீர்கள்.