கட்சி மாறிய ஆங்கிலோ-நார்மன் பிரபுக்கள் (பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் வட பிரான்சின் நார்மண்டியிலும் நிலம் வைத்திருந்தவர்கள்) எல்லாரும் துரோகிகள்தானா?

ஏதோ தேர்வுக்காகவோ கட்டுரைக்காகவோ கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதே கேள்விக்கு முன்பு ஒருமுறை பதில் சொல்ல முடியாமல் நின்றவள் நான், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எம்.ஏ.வில் என் ஆய்வேடு அப்படிப்பட்ட ஒருவனைப் பற்றியது: பிரான்சிலுள்ள மெலானின் பிரபு வாலரன் தெ போமோன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இவன் ஒரு பச்சோந்தி. இதில் ஆராய என்னம்மா இருக்கு?" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. எட்டு மாத உழைப்பு. ஒரு வரிகூடச் சொல்லாமல் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

வாலரனும் அவன் சகோதரன் ராபர்ட்டும் 1104-இல் பிறந்த இரட்டையர்கள். 1118-இல் அப்பா இறந்ததும் மெலானும் நார்மண்டி நிலங்களும் வாலரனுக்கு, லெஸ்டர் பட்டமும் இங்கிலாந்து நிலங்களும் ராபர்ட்டுக்கு என்று பிரிந்தன. இரண்டு பேரும் இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியின் அரண்மனையில் வளர்ந்தவர்கள்.

வாலரனை நல்லவன் என்று நான் சொல்லவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்த்த ஹென்றியையே எதிர்த்து, அவருடைய அண்ணன் மகன் வில்லியம் கிளிட்டோ பக்கம் போனான். காட்டில் மரம் வெட்டிய குடியானவர்களைப் பிடித்து அவர்கள் பாதங்களை வெட்டினான் என்று அக்காலத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1124 மார்ச் 26-இல் நார்மண்டியின் பூர்தெரூல்டில் நடந்த சண்டையில், குதிரையிலிருந்து இறங்கி நின்ற அரசரின் வீரர்களை மட்டமாக நினைத்துப் பாய்ந்தான். வில்லாளிகள் குதிரைகளைச் சாய்த்துவிட்டார்கள். ஐந்து வருடம் சிறை. அந்தக் கலகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் எல்லாரும் துரோகம் என்று சொல்வது 1141-ஐ. ஹென்றி இருந்தவரை இங்கிலாந்து அரசரும் நார்மண்டியை ஆளும் டியூக்கும் ஒரே ஆள். 1135-இல் அவர் இறந்ததும் அவருடைய சகோதரி மகன் ஸ்டீபன் முடிசூடினார். ஹென்றியின் மகள் மட்டில்டாவும் அரியணைக்கு உரிமை கோரியதால் உள்நாட்டுப் போர் மூண்டது. வாலரன் ஸ்டீபன் பக்கம் நின்றான், இங்கிலாந்தின் வூஸ்டர் பட்டமும் வாங்கினான். 1141 பிப்ரவரி 2-இல் லிங்கன் போரில் ஸ்டீபன் பிடிபட்டார். வாலரன் அங்கிருந்து தப்பி ஓடியது உண்மை. ஆனால் அதற்கப்புறம் நார்மண்டிக்குள் மட்டில்டாவின் கணவர், ஆஞ்சுப் பிரபு ஜெஃப்ரி கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டு வருகிறார். வாலரனின் சொத்தில் பெரும்பகுதி அங்கேதான். அரசரோ சிறையில். அந்த வருடமே ஜெஃப்ரியிடம் பணிந்தான்.

மெலான் பிரெஞ்சு அரசரின் கீழ், அவனுடைய இன்னொரு ஊரான பொன்ட்-ஓத்மேர் நார்மண்டி டியூக்கின் கீழ், வூஸ்டர் இங்கிலாந்து அரசரின் கீழ். மூன்று பேரிடமும் விசுவாசம் சொன்னால்தான் மூன்றும் கையில் இருக்கும். அந்த மூவரும் சண்டை போட்டால் அவன் எந்தப் பக்கம் நின்றாலும் யாரோ ஒருவருக்குத் துரோகிதான். இதைத்தான் நான் அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் விரிவாகப் பேசும் ஒரே புத்தகம் எங்கள் துறையில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. மாணவர்களுக்கு வெளியே தர மாட்டார்கள். சாவி வைத்திருந்தவர் பதினொரு மணிக்கு வருவார், நாலு மணிக்குப் போய்விடுவார். நின்றுகொண்டே கையால் குறிப்பெடுத்தேன். தேர்வுக்கு முந்தைய இரவு அது என் கையில் இருந்திருந்தால் இவ்வளவு திணறியிருக்க மாட்டேன். படிக்கக் கொடுக்காத புத்தகத்தை எதற்கு வாங்குகிறார்கள் என்று இன்றும் ஆத்திரம் வருகிறது.

சரி, ராபர்ட்டுக்கு வருகிறேன். அவன் இங்கிலாந்தில் ஸ்டீபன் பக்கமே இருந்தான். ஆனால் எதிரணியான மட்டில்டா பக்கம் போய்வந்த செஸ்டர் பிரபு ரனுல்ஃபோடு ஒரு ஒப்பந்தம் போட்டான். தலைவர்கள் வற்புறுத்தி ஒருவர்மேல் ஒருவர் படையெடுக்க நேர்ந்தால் இருபது வீரர்களுக்கு மேல் கூட்டி வரக்கூடாது, எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். போருக்கு நடுவே இப்படி எழுதிக்கொண்டார்கள்! 1153-இல் ராபர்ட்டும் ஸ்டீபனை விட்டு மட்டில்டாவின் மகன் இளம் ஹென்றியிடம் போனான். அந்த ஹென்றி அரசரானதும் ராபர்ட்தான் நாட்டின் தலைமை நீதி அதிகாரி, 1168-இல் சாகும்வரை. அவனை யாரும் பச்சோந்தி என்று சொல்லிக் கேட்டதில்லை.

வாலரன் 1166-இல், தன் முன்னோர் கட்டிய ப்ரேயோ மடத்தில் துறவியாக இறந்தான்.