தரையில் சொட்டு இல்லை, கூலண்ட் மட்டும் குறைகிறது: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

கேள்வி: என்னிடம் இருப்பது 2003 மாடல் பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், இ46. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 1,60,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூலண்ட் குறைந்துவிட்டதாக விளக்கு எரிகிறது, அரை லிட்டர் ஊற்றுகிறேன். நிறுத்தும் இடத்தில் ஈரமே இல்லை. சூடு காட்டும் முள் எப்போதும் நடுவில்தான் நிற்கிறது. ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பதைப் பார்த்த மெக்கானிக், ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். பிரிப்பதா, காரையே விற்றுவிடுவதா?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். ஹெட் கேஸ்கட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. நீங்கள் சொன்ன அறிகுறிகளில் ஒன்றுகூட அது போனதற்கு உறுதியான சாட்சி இல்லை. இந்த வயதில் இந்த காரில் கூலண்ட் குறைந்தால், பத்தில் ஒன்பது தடவை நான் முதலில் சந்தேகப்படுவது பிளாஸ்டிக் பாகங்களைத்தான். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பாகம் மாற்றக் கூடாது. கூலண்ட் எந்த வழியாகப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

முதலில் அந்த வெண்ணெய். குளிர்ந்த இன்ஜினைக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திக்கொண்டே இருந்தால், உள்ளே உருவாகும் நீராவி முழுதாக வெளியேறாது. இன்ஜினின் மேல்பகுதியில், ஒப்பீட்டளவில் சூடு குறைந்த ஆயில் மூடியில் போய்ப் படிந்து, ஆயிலோடு கலந்து மஞ்சள் கலந்த வெண்மையாகிறது. இது கார் ஓடும் விதத்தால் வருவது. உங்கள் இன்ஜினில் இன்னொரு விஷயமும் உண்டு: ஆயில் ஆவியைப் பிரிக்கும் அமைப்பின் வடிகால் குழாய், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் குழாயில்தான் வந்து சேர்கிறது. அதனால் டிப்ஸ்டிக்கின் மேல்பகுதியில் கொஞ்சம் நுரை தெரிந்தாலும் பதற வேண்டாம். டிப்ஸ்டிக்கின் அடிமுனையில் ஒட்டியிருக்கும் ஆயில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அது பால் கலந்த காபி மாதிரி இருந்தால் விஷயம் வேறு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தெளிவான பழுப்பாக இருந்தால், மூடியைத் துடைத்துப் போட்டுவிட்டு ஒருமுறை நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்தாலே வெண்மை பெரும்பாலும் போய்விடும்.

அடுத்தது அந்த முள். இதை அழுத்திச் சொல்கிறேன்: இந்த காரில் நடுவில் நிற்கும் முள்ளை நம்பாதீர்கள். ஓட்டுநர் பயப்படக் கூடாது என்பதற்காக, சுமார் 75 டிகிரி முதல் 110 டிகிரியைத் தொடும் வரை முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி மென்பொருளில் அமைத்திருக்கிறார்கள். முள் நகர ஆரம்பிக்கும்போது உங்களுக்கு மிச்சமிருப்பது சில நிமிடங்கள்தான், சில சமயம் அதுகூட இல்லை. காரின் கோளாறு கண்டறியும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கி, கூலண்டின் உண்மையான வெப்பநிலையை எண்ணாகவே பாருங்கள். ரேடியேட்டருக்குப் போகும் கூலண்டைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் உங்கள் இன்ஜினில் மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படுவது, சாதாரண ஓட்டத்தில் கூலண்ட் 95 டிகிரியை ஒட்டி இருக்கும். நெடுஞ்சாலையில் 75-80க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்கேனர் பெரும்பாலும் பி0128 என்ற பிழைக் குறியீட்டையும் காட்டும்.

சரி, தரையில் ஏன் சொட்டவில்லை? கூலண்ட் அமைப்பு சூடாகும்போது அழுத்தத்தில் வேலை செய்கிறது. அழுத்தம் 1 பார் கூடினால் தண்ணீரின் கொதிநிலை 100லிருந்து சுமார் 120 டிகிரிக்குப் போகும், அதற்காகத்தான் கூலண்ட் டேங்கின் மூடியில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். முடி அளவு விரிசல் ஒன்று குளிர்ந்த நிலையில் மூடிக்கிடக்கும், சூடும் அழுத்தமும் ஏறியதும் திறக்கும். அப்போது கசிவது மெல்லிய தூறல். சூடான இன்ஜின் மேல் பட்டதும் ஆவியாகிவிடும். மிச்சமும் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் தேங்கிக் காய்ந்துவிடும். தரைக்கு வந்து சேர ஒன்றும் இருக்காது.

ஆனால் தடம் இருக்கும். இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் அடித்தட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கூலண்ட் காய்ந்த இடத்தில் வெளிர் நீலமோ வெண்மையோ உப்புப் பூத்த மாதிரி பொருக்கு நிற்கும். கூலண்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்கின் இரண்டு பாதிகள் ஒட்டும் தையல் கோடுதான் முதல் சந்தேகம். அது ரேடியேட்டரை ஒட்டி நிற்பதால் பின்பக்கக் கசிவு மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் அதுதான். அடுத்து மேல் ஹோஸ் ரேடியேட்டரில் நுழையும் கழுத்து. அப்புறம் தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்ன கசிவுத் துளை, கீழ் ஹோஸில் இருக்கும் வெப்ப சென்சாரின் ஓ-ரிங் (ரப்பர் அடைப்பு வளையம்). இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும் கூலண்ட் குழாய்களின் ஓ-ரிங்கும் இந்த வயதில் விறைத்துப் போயிருக்கும், அதைப் பார்ப்பது மட்டும் கடினம். காருக்குள்ளே இனிப்பு கலந்த வாடையோ, முன் கண்ணாடியில் பிசுக்கான படலமோ இருந்தால் ஹீட்டர் ரேடியேட்டர் பக்கம் சந்தேகத்தைத் திருப்புங்கள்.

கண்ணில் எதுவும் படவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட். சைக்கிள் பம்ப் மாதிரி கையால் அடிக்கும் கருவி, டேங்கின் வாயில் மூடிக்குப் பதிலாகப் பொருத்துவது. மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்துக்கு மேல் போகாமல் அடித்துவிட்டு 20 நிமிடம் காத்திருங்கள். கருவியின் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது, இன்ஜின் ஓடாததால் கை வைத்துத் தேடலாம். முள் இறங்குகிறது, வெளியே ஒரு துளியும் இல்லை என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அழுத்தத்தை அப்படியே இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஸ்டார்டரைச் சுற்றும்போது ஏதாவது ஒரு பிளக் துளையிலிருந்து நீர் பீச்சினால், மெக்கானிக் சொன்னது சரி. சுற்றுவதற்கு முன் இக்னிஷன் காயில்களைக் கழற்றி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள், பிளக் துளைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். அதே கருவியில் மூடியையும் சோதிக்கலாம். ஸ்பிரிங் தளர்ந்த மூடி முன்கூட்டியே திறந்து கூலண்டை வெளியே தள்ளும்.

ஹெட் கேஸ்கட்டுக்கென்றே ஒரு சோதனை உண்டு, எந்த நல்ல பட்டறையிலும் கால் மணி நேர வேலை. நீல நிறத் திரவம் நிரப்பிய குழாயை டேங்கின் வாயில் வைத்து, இன்ஜின் ஓடும்போது அங்கே சேரும் காற்றை அதன் வழியே உறிஞ்சுவார்கள். எரிந்த வாயு கூலண்டுக்குள் வந்துகொண்டிருந்தால், அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாக மாறும். டேங்கில் கூலண்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும், கூலண்டே குழாய்க்குள் ஏறினால் சோதனை கெட்டுவிடும். சிறிய கசிவு ஒரே தடவையில் மாட்டாது, இரண்டு மூன்று நாள் மீண்டும் செய்யச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்லும் யாரிடமும் சம்மதம் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், உங்கள் இன்ஜினின் பிளாக் அலுமினியம். ஒருமுறை நன்றாக ஓவர்ஹீட் ஆன இன்ஜினில் ஹெட் போல்ட்டுகளைக் கழற்றினால், பிளாக்கிலிருக்கும் மரை அலுமினியத் துருவலாகப் போல்ட்டோடு சேர்ந்து வந்துவிடுவது உண்டு. அப்புறம் ஒவ்வொரு துளைக்கும் எஃகு மரை இன்சர்ட் போட வேண்டும், ஹெட்டைச் சமதளம் பார்த்து அழுத்தச் சோதனை செய்ய வேண்டும், போல்ட்டுகளும் ஒருமுறைக்கு மேல் போடக் கூடாதவை. தேவையானால் செய்துதான் ஆக வேண்டும். ஊகத்துக்காகச் செய்யும் வேலை இல்லை இது.

இனி, கசிவு ஏதோ ஒரு பிளாஸ்டிக் பாகத்தில்தான் என்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றை மட்டும் மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் ஆறு மாதத்தில் அடுத்தது போகும். எல்லாமே கண்ணாடி இழை கலந்த நைலான். சூடான கூலண்டில் வருடக்கணக்கில் ஊறி ஊறி நைலானின் பிணைப்புகள் அறுந்து, பழைய பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். என் பழைய கார் ஒன்றில் மேல் ஹோஸைக் கழற்ற லேசாகத் திருகினேன், ரேடியேட்டரின் கழுத்து ஹோஸோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. உடைந்த விளிம்பை விரலால் அழுத்தினால் பழுப்புத் தூளாக உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தபோது அதில் ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து இந்தப் பாகங்களை நான் போவதற்குக் காத்திருந்து மாற்றுவதில்லை, வயதைப் பார்த்து மாற்றுகிறேன்.

உங்கள் காரில் இதெல்லாம் கடைசியாக எப்போது மாறியது என்று தெரியாவிட்டால், டேங்க், மூடி, மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், பெல்ட்டும் அதன் உருளைகளும் ஒரே தடவையில் போகட்டும். ரேடியேட்டரின் கழுத்து பழுப்பேறியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த கார்களை நேசிப்பவர்கள் பலர் 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை இப்படி முழு செட்டையும் மாற்றுகிறார்கள், நானும் அந்தக் கட்சிதான்.

பாகம் வாங்கும்போது சேஸிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்து, இலக்கங்களைக் கொடுத்து, சரியான பாக எண்ணை எடுத்துவிடுங்கள். 'இ46க்குச் சேரும்' என்ற வார்த்தை போதாது, அதே மாடலிலேயே கியர்பாக்ஸைப் பொறுத்து மின்விசிறியும் டேங்கின் பொருத்தமும் மாறும். கம்பெனி பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்றில்லை, கம்பெனிக்குச் செய்து கொடுத்தவர்களே தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். சில சமயம் அந்தப் பாகத்தில் கார் கம்பெனியின் முத்திரை இருந்த இடம் மட்டும் தேய்த்து அழிக்கப்பட்டிருக்கும், மற்ற எல்லாம் ஒன்றே. நான் தவிர்ப்பது செய்தவர் பெயரே இல்லாத மலிவுப் பெட்டிகளை மட்டும்தான்.

வேலை செய்யும்போது பலர் தடுமாறும் மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கார் மேனுவல் கியராக இருந்தால் இன்ஜினின் முன்னால் பெல்ட்டால் சுழலும் பெரிய விசிறி இருக்கும். அதன் 32 மி.மீ. நட் எதிர்மரை, வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வாட்டர் பம்ப் பிளாக்கில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் நெம்பி அலுமினியத்தைக் காயப்படுத்தாதீர்கள். பம்பின் விளிம்பிலேயே மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும், அதில் இரண்டு எம்6 போல்ட்டுகளை மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முடுக்கினால் பம்ப் தானாக நேராக வெளியே வரும். ஹோஸ்களில் இருப்பது கம்பி கிளிப், அதை ஸ்குரூ டிரைவரால் தூக்கிவிட்டு இழுக்க வேண்டும். திரும்பப் போடும்போது ஓ-ரிங்கில் கொஞ்சம் கூலண்டைத் தடவி, 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள், பிறகு கிளிப்பை இறக்குங்கள்.

கூலண்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்கு எந்தப் பொது விதியும் இல்லை. புட்டியில் பிஎம்டபிள்யூவின் அங்கீகாரம் எழுதியிருக்க வேண்டும், அடிப்படை ஜி48 வகை.   அதோடு பாதிக்குப் பாதி வாலை வடிநீர் கலக்க வேண்டும். செறிவு கூடினால் நல்லது என்று தனிக் கூலண்டை ஊற்றக் கூடாது, அது வெப்பத்தைக் கடத்தும் திறன் குறைவு. மொத்தம் சுமார் 8.4 லிட்டர் பிடிக்கும். லீக் அடைக்கும் பொடி, திரவம் எதுவும் வேண்டாம், அது விரிசலை அடைப்பதற்கு முன் ஹீட்டர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். வடித்த பழைய கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். நாய் பூனை நக்கும்படி திறந்து வைக்காதீர்கள்.

நிரப்பும்போது உள்ளே காற்று நின்றுவிட்டால் புதுப் பாகங்கள் போட்டும் ஓவர்ஹீட் ஆகும். இக்னிஷனை மட்டும் போடுங்கள், இன்ஜின் ஓட வேண்டாம். ஹீட்டரை அதிகபட்ச சூட்டில், காற்றைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். டேங்க் மூடிக்குப் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் காற்றுத் திருகைத் திறந்து, மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். முதலில் குமிழி குமிழியாக வரும். குமிழி நின்று கூலண்ட் மட்டும் வழிந்ததும் மூடுங்கள். விரலால் இறுக்கி, ஸ்குரூ டிரைவரால் ஒரு சின்ன அழுத்தம் போதும், அந்தத் திருகு உடைந்தால் வேலை மறுபடி ஆரம்பம்.

மறுநாள் காலை மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், மிச்சக் காற்று வெளியேறியதால் வருவது அது. நிரப்பிவிட்டு, குளிர்ந்த நிலையில் டேங்கின் வாயில் மட்டம் காட்டும் மிதவைக் குச்சி நிற்கும் உயரத்தைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில், அதன் பிறகு வாரம் ஒருமுறை பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே வேண்டாம். ஒரு மாதம் அதே உயரத்தில் நின்றால் வேலை முடிந்தது. மீண்டும் இறங்கினால் நீலத் திரவச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள், அப்போதுதான் ஹெட்டைப் பற்றிப் பேச்சு.

இதையெல்லாம் செய்து முடிக்கும் வரை காரை ஓட்டியாக வேண்டிய நிலை இருந்தால், ஓட்டும்போது அவ்வப்போது ஹீட்டரை ஒரு நிமிடம் போட்டுப் பாருங்கள். முள் நடுவில் நிற்க, சூடாக வந்துகொண்டிருந்த காற்று திடீரென்று குளிர்ந்தால், ஹீட்டருக்குப் போகும் அளவுக்குக் கூலண்ட் இல்லை என்று பொருள். உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள், அடுத்த பட்டறை வரை ஓட்டிப் பார்க்காதீர்கள்.