இல்லத்தில் சேர்க்கும் முன்னும் பின்னும்: வாசகர் கேள்விகள்

கே: மகனுக்கு 15 வயது. எந்நேரமும் போன். மார்க் குறைந்துவிட்டது, எதிர்த்துப் பேசுகிறான். பிள்ளைகளைத் தங்கவைத்து மனநலச் சிகிச்சை தரும் இல்லத்தில் சேர்த்துவிடலாமா?

ப: வேண்டாம். மார்க்கையும் போனையும் பற்றி எழுதியவர் தூக்கம், சாப்பாடு, போதை, கையில் கீறல் எதைப் பற்றியும் ஒரு வரி எழுதவில்லை. எதை வைத்துப் பதில் சொல்வது? வெளிநோயாளியாகச் சில மாதம் காட்டியும் அடங்காத சுயகாயம், போதைப் பழக்கம், வீட்டில் யாருக்கும் பாதுகாப்பில்லாத அளவு மூர்க்கம், திரும்பத் திரும்ப ஓடிப்போவது, இவற்றுக்குத்தான் தங்கிப் பெறும் பராமரிப்பு. இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும்; அதைச் சரிசெய்துவிட்டு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். "செத்துப்போகிறேன்" என்று ஒருமுறை சொல்லியிருந்தாலும் கடிதம் எழுதிக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கே: சுற்றுலா என்று சொல்லிக் கூட்டிப்போய் விட்டுவிடலாமா? சொன்னால் மகள் வர மாட்டாள்.

ப: கூடாது. அந்தப் பொய்யை ஆற்றவே ஆலோசகருக்கு முதல் மாதம் போய்விடும். ஓடிவிடுவாள், தன்னைக் காயப்படுத்திக்கொள்வாள் என்ற அச்சம் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சொல்லுங்கள். முடிந்தால் ஒருமுறை இடத்தைக் காட்டுங்கள். பெட்டியில் என்ன வைப்பது என்பதை அவளே முடிவு செய்யட்டும். அப்படியொரு அச்சம் இருந்தால், எப்படி அழைத்துவருவது என்பதை மருத்துவருடன் பேசித் திட்டமிடுங்கள்.

கே: எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும்?

ப: மாதக் கணக்கு முக்கியமில்லை, இலக்கு முக்கியம். முதல் இரண்டு மூன்று வாரம் பிள்ளைகள் ஒன்று மிக நல்லவர்களாக இருப்பார்கள், இல்லை எல்லாரையும் சோதிப்பார்கள். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அதன்பின் மாதம் ஒருமுறை, பிள்ளையையும் உட்காரவைத்து மறுஆய்வு நடக்க வேண்டும்; எது சரியானால் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கேட்கும் இடத்துக்கு உங்கள் பிள்ளையை அனுப்பிவைக்கும் அவசரம் இருக்காது.

கே: முதல் 30 நாள் போனும் இல்லை, சந்திப்பும் இல்லை, பிறகும் நல்ல நடத்தைக்குத் தரும் பாயிண்ட் சேர்ந்தால்தான் பேசலாம் என்கிறார்கள். நல்ல இடம் என்று கேள்விப்பட்டோம். சம்மதிக்கலாமா?

ப: இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது, என் பதிலும் மாறப்போவதில்லை. அந்த இடத்தில் சேர்க்காதீர்கள்.

வீட்டு நினைப்பு வந்தால் பழக மாட்டான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வீட்டிலிருந்து குரல் வராத பிள்ளை பழகுவதில்லை. தன்னைக் கைகழுவிவிட்டார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவுக்கு வந்த பிள்ளையிடம் எதிர்காலத்தைப் பற்றி என்ன பேசினாலும் ஏறாது. இன்னொன்றும் உண்டு. அடிப்பது, தனியறையில் பூட்டுவது, தூக்க மருந்து கொடுத்து அடக்குவது எல்லாம் வெளியே குரல் போகாத இடத்தில்தான் நீடிக்கின்றன. பெற்றோரும் அந்த 30 நாளில் குடும்ப ஆலோசனைக்கு வராமல் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பிள்ளை திரும்பிவரும்போது வீடு அப்படியே இருக்கும்.

பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளைக்கு, அதன் நலனுக்குக் கெடுதல் என்றாலொழிய, அவர்களோடு தொடர்ந்து நேரடித் தொடர்பு வைத்திருக்க உரிமை உண்டு என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு. ஆகவே குறிப்பிட்ட ஒருவரோடு பேசுவது ஆபத்து என்று காரணம் எழுதித் தடுத்தால் ஒப்புக்கொள்ளலாம். பொதுத் தடையை ஒப்புக்கொள்ள முடியாது. கைப்பேசியை ஊழியர் வாங்கி வைப்பதும், பேசும் நேரத்தை வரையறுப்பதும் தவறில்லை. சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு அழைப்பு, பிறகு வாரம் இரண்டு மூன்று, ஊழியர் பக்கத்தில் நிற்காமல். பாயிண்ட் குறைந்தால் படம் பார்ப்பது போகட்டும். அம்மாவின் குரல் போகக் கூடாது. இதையும் எழுத்தில் வாங்குங்கள்.

"கூட்டிக்கிட்டுப் போ" என்று அழுதால் திட்டாதீர்கள், பொய்யாக வாக்கும் கொடுக்காதீர்கள். அடித்தார்களா, தொட்டார்களா, பூட்டினார்களா என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் அன்றே கிளம்புங்கள். இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வரும் தேதியைச் சொல்லி, அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.

கே: மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம். மகன் நன்றாக இருக்கிறான். நிறுத்திவிடலாமா?

ப: நன்றாக இருப்பதே மாத்திரையால் இருக்கலாம். பலன் முழுதாகத் தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வது வழக்கம். திடீரென்று நிறுத்தாதீர்கள், மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். ஆரம்பித்த முதல் சில வாரமும், அளவை மாற்றும் நாட்களும் தற்கொலை எண்ணம் தலைதூக்குகிறதா என்று கவனிக்க வேண்டிய காலம்.

கே: மகளைச் சமைக்கவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் விடுகிறார்கள். இதற்கா பணம் கட்டுகிறோம்?

ப: எப்படி விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. தண்டனையாகவோ, ஆள் கூலியை மிச்சம் பிடிக்கவோ என்றால் சண்டை போடுங்கள். அவளே தேர்ந்தெடுத்த வேலை, நாளுக்கு ஒரு மணி நேரம், அவள் வராவிட்டால் யாராவது தேடுவார்கள் என்றால் அதுதான் சிகிச்சையின் பாதி. "நான் இல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை" என்ற எண்ணத்தோடு வரும் பிள்ளைக்கு அறிவுரை வகுப்பு உதவாது. தன்னை எதிர்பார்த்து ஒரு வேலை காத்திருப்பது உதவும். மாதம் போகப்போக வேலை கடினமாக வேண்டும்: முதலில் காய் நறுக்குவது, பிறகு பத்துப் பேருக்குக் கணக்குப் போட்டுச் சாமான் வாங்குவது, பிறகு புதிதாக வந்தவளுக்குக் கற்றுக்கொடுப்பது. ஆனால் படிப்பை விட்டுவிட்டு இதைச் செய்தால் தவறு. தினம் மூன்று நான்கு மணி நேரப் பாடம் நடக்கிறதா, பழைய பள்ளி அதை ஏற்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

கே: அங்கிருக்கும் மற்ற பையன்களிடம் கெட்டுப்போவானா?

ப: போகலாம். கூட்டாளிகள் சிரிக்கச் சிரிக்கத் தப்பு பெருமையாகிவிடும். சாயங்காலம் பாடம் முடிந்ததிலிருந்து தூங்கும்வரை யார் கூட இருக்கிறார்கள், இரவில் விழித்திருக்கும் ஊழியர் எத்தனை பேர், 13 வயதுக்காரனும் 17 வயதுக்காரனும் ஒரே அறையா என்று கேளுங்கள். பகல் நேரத் திட்டத்தை மட்டும் காட்டிவிட்டு இரவைப் பற்றி மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

கே: அடுத்த வாரம் மகள் வீட்டுக்கு வருகிறாள். என்ன செய்ய வேண்டும்?

ப: அடுத்த வாரம் வருகிறவளைப் பற்றி இப்போதா கேட்பது! இரண்டு மூன்று முறை வார இறுதியில் வந்து தங்கிப் பழகியிருக்க வேண்டும். சரி, இருக்கும் நாளில் செய்யுங்கள். வெளியே வந்த முதல் சில வாரம்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம்; எனவே முதல் வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கும் தேதி இன்றே உறுதியாக வேண்டும். வீட்டிலுள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து, பிளேடு எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், சாவி ஒருவரிடம். மருந்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள். நிலை மோசமாவதற்கு அடையாளம் என்ன, அப்போது யாரை அழைப்பது என்று அவளே எழுதிய தாள் இல்லத்தில் இருக்கும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்கு முதல் இரண்டு வாரம் அரை நாள் போதும். எங்கே போயிருந்தாள் என்று மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்பதை அவளிடமே கேட்டு, வீட்டில் எல்லாரும் அதையே சொல்லுங்கள்.